எரியாமல் நின்ற எட்டு

காற்று செம்மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிற ஆனி மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை, எங்கள் செவக்காட்டுப்பேட்டையில் ஏழு ஐம்பத்தொன்பதுக்கு அடுத்ததாக ஒன்பது மணி வந்தது. நடுவில் வரவேண்டிய எட்டு வரவில்லை. பால்காரர் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கி மறுபக்கம் போடுவதற்குள் வேப்பமர நிழல் ஒரு முழம் உள்ளே சுருண்டுகொண்டது. அதற்குச் சற்று முன்னால் அடுப்பில் ஏற்றிய இட்லியை ஒன்பதுக்கு இறக்கியவர்கள், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னும் மாவாகவே இருக்கிறதே என்று மறுபடி மூடி வைத்தார்கள். கோழிகள் மட்டும் கொஞ்சம் கத்தின. பிறகு அவையும் மேயப் போய்விட்டன.

நான் பேருந்து நிலைய வாசலில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே தூணில்தான் அந்தக் கடிகாரம். அதற்கு முள் கிடையாது. எங்கோ மூடிப்போன ஒரு மில்லிலிருந்து வியாபாரிகள் சங்கத்தார் வாங்கிவந்து மாட்டியது. நான்கு கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் முடி கனத்துக் கம்பியில் பத்து எண்களை வளைத்து, ஒன்றின் முதுகுக்குப் பின்னால் ஒன்றாக நிறுத்தியிருப்பார்கள். எந்த எண்ணுக்குக் கரண்ட் போகிறதோ அதைச் சுற்றி, ஊதிவிட்ட கங்கு மாதிரி வெளிச்சம் பூக்கும், மற்றதெல்லாம் இருட்டில் சும்மா நிற்கும். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த செல்லக்கனி அதை நிக்ஸி டியூப் என்பாள், நாங்கள் கங்குக் குப்பி என்போம். ஊருக்கு அதுதான் மணி. வீட்டுக் கடிகாரங்களும் கைக்கடிகாரங்களும் அதைப் பார்த்தே நடந்து பழகின. சூரியனும் அப்படித்தான் பழகியிருந்தது என்பது அந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது.

அந்த எட்டு, முன்பு எரிந்த எண்தான். சங்கத் தலைவர் சொர்ணலிங்கம் அண்ணாச்சிக்குப் பாத்திரக்கடை. எட்டு சனியின் எண், கடை திறக்கிற நேரத்தில் அது ஊர் முகத்தில் விழிக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். "நிமிசத்துல எட்டு வந்தா வந்துட்டுப் போவுது, அது சில்லறை. மணியில வரப்படாது" என்று சொல்லி, மணிக் குப்பியில் எட்டுக்குப் போகிற ஒயரை மட்டும் ஆள் வைத்துக் கத்தரித்துவிட்டார். அதிலிருந்து காலையிலும் சாயங்காலம் மங்கிய பிறகும் ஒரு மணி நேரம் அந்தக் குப்பி கண்ணை மூடிக்கொள்ளும், நிமிடங்கள் மட்டும் தலையில்லாமல் ஓடும். அதற்கு இருட்டு மணி என்று பெயர் வந்தது. இருட்டு மணியில் யாரும் கடை திறக்கமாட்டார்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டமாட்டார்கள், விசேஷத்துக்குப் புறப்படமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஊர் கதவைச் சாத்தினால் தெரு காலியாகும் அல்லவா? காலியான தெருவில், யார் முகத்தில் விழிக்க ஊருக்குப் பிடிக்காதோ அவர்கள் நடமாட வந்தார்கள். குப்பை கூட்டுகிறவர்கள் வந்தார்கள், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட பெண்பிள்ளைகள் வந்தார்கள், தோலில் வெள்ளை படர்ந்த தபால்காரர் வந்தார், தாலி இழந்தவர்கள் வந்தார்கள். செல்லக்கனியின் அக்காள் பேச்சிமுத்து அப்படித்தான் வருவாள். சின்ன வயதிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். தாயில்லாத தங்கையை மடியில் போட்டு வளர்த்து, அவள் ஆசைப்பட்டாளென்று ரேடியோ வேலை படிக்க வைத்து, கடையும் வைத்துக் கொடுத்தவள். அதற்காக அவள் முறுக்குச் சுட்டாள். இருட்டு மணியில் தகர டின்னோடு வந்து, சாத்திக் கிடக்கும் கடை வாசல்களில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவாள். தப்பித்தவறி யாராவது எதிரே வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அந்த முறுக்கை ஊரே தின்றது. அவள் முகம்தான் யாருக்கும் நினைவில்லை.

அந்தப் புதன்கிழமை எட்டுக்குப் புறப்பட்டவர்கள் ஏழு ஐம்பத்தொன்பதில் வாசலில் கால் எடுத்து வைத்தார்கள். எடுத்து வைத்த கால் ஒன்பதில் வந்து இறங்கவில்லை.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நன்றாகத்தான் எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்கி அரை மணி நேரத்தில் முடிந்துபோனதால் ஜோசியர் வீட்டில் பாயசம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார், பிள்ளைகள் ஒரு மணி நேரம் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்களோ என்று யோசித்துவிட்டு, வளர்ந்தால் நல்லதுதானே என்று மணியை மாற்றிக் கட்டினார். மாமியார்கள் இட்லிக்கு அரை மணி முன்னால் எழுந்திருக்கச் சொன்னார்கள், மருமகள்கள் தோசைக்கு மாறினார்கள். பேருந்து நிலையத்தில் குப்பை ஏறியது. யாரோ கூட்டுவார்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் ஒருநாள், "என்ன இது, முறுக்கு வரவே மாட்டங்கு" என்றார். முறுக்கு வரவில்லை என்றார், முறுக்குக்காரி வரவில்லை என்று சொல்லவில்லை.

செல்லக்கனி தேடாத இடமில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாள், தண்டவாளத்தோரம் நடந்தாள், கடற்கரைக்கு ஆள் அனுப்பினாள். ஒருநாள் சோர்ந்துபோய் என் வெற்றிலைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஏழு ஐம்பத்தொன்பது ஒன்பதாகிற அந்த இமைப்பில், மேலே குப்பிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஈர்க்குமாறு தரையைத் தேய்க்கிற சத்தம். எனக்கும் கேட்டது. அவள் நிமிர்ந்து தூணைப் பார்த்தாள்.

"அத்தே, எங்கக்கா தொலையல" என்றாள். "எட்டுதான் தொலஞ்சிருக்கு. அவ அதுக்குள்ள நிக்கா."

கடிகாரத்தைத் தொடச் சங்கத்தின் உத்தரவு வேண்டும். அண்ணாச்சி முதலில் கையை உதறினார். "நல்ல சகுனம்னு ஊரே சந்தோசப்படுது, நீ போயி சனியனத் தோண்டி எடுக்கப் போறியாக்கும்?" என்றார். செல்லக்கனி மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். ஆனால் அவரை மாற்றியது அவள் இல்லை. அவர் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் அந்தப் புதன்கிழமைதான் வருவதாக இருந்தது. ஒன்பது மணி பஸ்ஸுக்கு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெளியூர்க்காரர்கள்தானே, ஆசையில், எட்டு மணிக்கு இங்கே வந்து சேருகிற முந்தின பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்கள். வராதவர்கள் வேண்டாமென்றுதான் வரவில்லை என்று அண்ணாச்சி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஊரிலிருந்து ஆள் வந்தது: புறப்பட்டுப் போனவர்களை இன்னும் ஏன் திருப்பி அனுப்பவில்லை, அங்கேயே கல்யாணத்தை முடித்துவிட்டீர்களா?

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஏ கனி, ஸ்டூலு வேணுமா, ஏணி வேணுமா?"

செல்லக்கனி ஸ்டூலில் ஏறினாள். ஊரே கீழே நின்று வேலை சொல்லிக்கொடுத்தது. தட்டிப் பார், ஊதிப் பார், திருப்பிப் போடு என்றார்கள். அவள் ஒன்றும் பேசாமல், கத்தரித்துக் கிடந்த ஒயரை முதலில் பற்றவைத்து எட்டுக்குக் கரண்ட் கொடுத்தாள். எட்டின் தலை வட்டத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, இடுப்புக்குக் கீழே இருட்டு. மீட்டரை வைத்துப் பார்த்தாள், கரண்ட் வருகிறது. குப்பியின் உச்சியில் உட்புறமாகப் பூசியிருக்கும் ரசம் வெளுக்காமல் கண்ணாடி மாதிரி மினுங்கியது, அப்படியென்றால் வெளிக்காற்று உள்ளே புகவில்லை. பிறகு மணிக் குப்பியைப் பிடுங்கி எடுத்து, அதன் இடத்தில் கடைசி நிமிடக் குப்பியைச் செருகி எட்டை ஏற்றினாள். முழு எட்டு, தலையும் வயிறுமாக, பளீரென்று பூத்தது.

அப்போது வெயில் உச்சியிலிருந்து சரிந்து கிழக்கே போய் நின்றது. பேருந்து நிலையம் கூட்டித் தெளித்துக் கிடந்தது. ஒரு பஸ் வாசலில் நிற்க, சரிகை வேட்டியும் பட்டுப்புடவையுமாக வெளியூர்ச் சனம் இறங்கி நின்றது. தூணுக்கு முன்னால் பேச்சிமுத்து இடுப்பில் டின்னோடு நின்று, அண்ணாந்து, "ஏட்டி, ஸ்டூலு ஆடுது, பாத்து" என்றாள். செல்லக்கனி வாயைத் திறப்பதற்குள் எல்லாம் போய்விட்டது, உச்சி வெயிலும் குப்பையும் நாங்களும்தான் மிச்சம். நிமிடத்துக்கென்று இருக்கிற எட்டு நிமிடத்துக்குத்தானே தாங்கும்.

அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, மணிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்கு என்னம்மா நோவு?" என்றார் அண்ணாச்சி.

"எரியிற எண்ணுலருந்து பொடி உதிரும் அண்ணாச்சி. எல்லா எண்ணும் மாறி மாறி எரிஞ்சா, மேல படிஞ்சத அதது உதறிக்கிடும். இத மட்டும் நீங்க நிப்பாட்டி வச்சிட்டிய. மத்ததோட கரியெல்லாம் இது மேலயே படிஞ்சு படிஞ்சு, அடுப்படிச் சொவரு மாதிரி ஆயிட்டு."

"அப்ப புதுக் குப்பி வாங்கிப் போடு. சங்கம் குடுக்கும்."

"வேற ஊருக் குப்பியில வேற ஊரு எட்டுல்லா இருக்கும்! அதுல எங்கக்கா எப்படி இருப்பா? ஒங்க சம்பந்தி எப்படி இருப்பாவ?"

அண்ணாச்சி ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டார்.

மருந்து ஒன்றுதான். மற்ற எண்களையெல்லாம் அணைத்துவிட்டு, எட்டை மட்டும், வழக்கத்தைவிடக் கூடுதல் கரண்டில், மூச்சு விடாமல் எரியவிடவேண்டும். அந்தச் சூட்டில் படிந்த கரியைத் தானே உதறி எழுந்திருக்கும். ஆனால் எரிய எரிய முடி கனத்துக் கம்பி தேயும். கொஞ்சம் கூடிப்போனால் அறுந்துவிடும். அறுந்ததை ஒட்டக் கண்ணாடியை உடைக்கவேண்டும், உடைத்தால் உள்ளே இருக்கிற வாயு போய்விடும், அதோடு எட்டு மணி என்றைக்குமாகப் போய்விடும், உள்ளே இருப்பவர்களோடு. அவள் இதைச் சொன்னபோது கீழே ஒருவரும் வேலை சொல்லிக்கொடுக்கவில்லை.

குப்பிகளை அதது இடத்தில் செருகி, நிமிடக் குப்பிகளின் கரண்டை நிறுத்தினாள். எட்டை ஏற்றினாள்.

முதலில் பாதி எட்டுதான் வந்தது. ஓசைகள் மட்டும் கேட்டன, ஈர்க்குமாறும் பஸ் கண்டக்டரின் விசிலும். பிறகு சுவரில் ஈரம் காய்கிற மாதிரி அந்த எண்ணின் வயிற்றிலிருந்த கறை ஓரத்திலிருந்து சுருங்கச் சுருங்க, வெயில் கிழக்கே சாய்ந்தது, வெற்றிலை மேல் பனித்துளி வந்து உட்கார்ந்தது, நாங்கள் எல்லாரும், கதவைச் சாத்திக்கொள்ள மறந்த ஊர் முழுவதும், எட்டு மணிக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

அந்தக் காலையை எவ்வளவு என்று அளக்க முடியாது. வெயில் அதே சாய்வில் நின்றது. பசித்தபோது சாப்பிட்டோம், தூக்கம் வந்தபோது அந்த இளவெயிலிலேயே துண்டை விரித்துத் தூங்கினோம், விழித்தபோது அதே குருவி அதே கம்பியில் இருந்தது. தபால்காரர் எல்லாருக்கும் கையில் கொண்டுவந்து தபால் கொடுத்தார். வாங்கினவர்கள் அவர் விரலைப் பார்த்தார்கள், அப்புறம் முகத்தைப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள வேறு மணி இல்லை அல்லவா? மாப்பிள்ளையின் தாயாருக்கு, காலை கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு குறையில்லை. பேச்சிமுத்துவோடு உட்கார்ந்து முறுக்குப் பிழிந்து பழகியிருந்தாள். அண்ணாச்சி ஒன்றை எடுத்துக் கடித்து, "இது டீக்கடை முறுக்குல்லா?" என்றார்.

"டீக்கடையில வச்ச என் முறுக்கு" என்றாள் பேச்சிமுத்து. "இத்தன வருசமாத் தின்னுதிய, பல்லுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆளத் தெரியல."

செல்லக்கனி மட்டும் தூங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காள் தட்டில் சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டபோது, மெல்ல, "யக்கா, கறை போயிட்டு. இனி கொஞ்ச நேரத்துல ஒம்பது விட்டுருவேன். என் பக்கத்துலயே நின்னுக்க" என்றாள்.

பேச்சிமுத்து அடுத்த உருண்டையை உருட்டினாள். "நான் வரல ஏட்டி."

"என்ன சொல்லுத?"

"அங்க வந்தா தூணுக்குப் பின்னால நிக்கணும். இங்க முன்னால நிக்கேன். எட்டுதான் சொகமாயிட்டே, தெனமும் வரும்லா? வந்து பாத்துட்டுப் போ."

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு அக்காவா? மிச்ச நேரமெல்லாம் நான் யாருகிட்ட சண்ட போட?"

பேச்சிமுத்து சிரித்தாள். செல்லக்கனி உருண்டையை வாங்கிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த நான் துடைத்த வெற்றிலையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த எட்டின் இடுப்பில், இரண்டு வட்டமும் சேருகிற இடத்தில், கங்கு நிறம் வெளுத்து வெள்ளையாகத் துடித்தது. கம்பி தேய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் அறுந்துவிடும். அறுந்தால் நாங்கள் எல்லாரும், ஊர் முழுக்க, அதற்குள்ளேயே. செல்லக்கனியின் கை ஸ்விட்சில் இருந்தது. அக்காளைத் தேடினாள். பேச்சிமுத்து வெற்று டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுச் சந்துக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

"யக்கா!" என்று ஒரு கத்தல்.

அவள் திரும்பவில்லை. கம்பி துடித்தது. செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைத் தள்ளினாள்.

ஒன்பது பூத்தது. நிமிடக் குப்பிகள் சுழியம் சுழியம் காட்டின. நிழல் உள்ளே சுருண்டது, பனித்துளி காய்ந்தது, ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தங்கள் கைகால்களைத் தடவிப் பார்த்தார்கள். தபால்காரர் இருந்தார். குப்பை கூட்டுகிறவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தலை சீவி, புடவை மடிப்பைச் சரிசெய்து வரிசையில் நின்றார்கள். அண்ணாச்சி மூச்சை இழுத்துவிட்டு, தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கி, அவர்களை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பெண் பார்க்க அழைத்துப் போகிற நடை. செல்லக்கனி ஸ்டூலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

கிணற்றுச் சந்து வந்து ரோட்டில் சேருகிற இடத்தில் ஊர்வலம் நின்றுபோனது. எதிரே, வெறுங்கழுத்தும் வெற்று டின்னுமாக, பேச்சிமுத்து வந்துகொண்டிருந்தாள். ஒன்பது மணி வெயிலில் அவளை யாரும் பார்த்ததில்லை. நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. அண்ணாச்சியின் ஒரு கால் வந்த வழியே திரும்பிப் போகிற வாக்கில் தானாகத் திரும்பியது, பழக்கம். சந்து முனைக் கடையின் தூண் இரண்டடி தள்ளி இருந்தது. அவள் தூணைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

"ஏன் நின்னுட்டிய?" என்றாள் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் தாயார்.

அண்ணாச்சி தட்டை இறக்கிப் பிடித்தார். "மயினி..." என்றார். இத்தனை வருடத்தில் அவளை அண்ணி முறை சொல்லி அழைத்தது அதுதான் முதல். "கொஞ்சம் ஒதுங்குதியளா?"

"எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் அவள், கோபமில்லாமல். "நீங்க அந்தப் பக்கமாப் போங்க. நான் இந்தப் பக்கமா வாரேன். ரோடு அகலமாத்தானே கெடக்கு."

அண்ணாச்சி குனிந்து ரோட்டைப் பார்த்தார், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பாத்திரத்தை வாங்குமுன் உள்ளே வெளியே பார்ப்பாரே அதுமாதிரி. பிறகு திரும்பின காலை நேராக வைத்து நடந்தார். தட்டும் டின்னும் லேசாக உரசின, ஒரு சின்ன வெண்கலச் சத்தம். அவ்வளவுதான். ஊர்வலம் அந்தப் பக்கம் போனது.

பேச்சிமுத்து நேரே வந்து ஸ்டூலுக்குக் கீழே நின்றாள். மேலே முழங்காலில் முகம் புதைத்திருந்தவளின் பாதத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

"ஏட்டி கனி, எறங்கு. சண்ட போட ஆளு வந்தாச்சு. வெயிலு ஏறுது. பசிக்கு எனக்கு."